மடக்கு நாற்காலியில் வந்த மேனேஜர்

மைதானத்தில் அவரிடம் திட்டு வாங்கியவர்களே, வாங்காமல் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களே,

போன் வந்தபோது நான் என் நாற்காலிக்கு அடியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் அடுக்கினேன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்குப் பிறகு சொல்கிறேன். பேசியது கண்டக்டர் மூர்த்தி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுகிற பஸ்ஸில் இருப்பவர்.

"மாமா, உங்காளு எழுந்திரிக்க மாட்டேங்கறாரு."

"யாருப்பா?"

"மேனேஜருதான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நாற்காலிய விரிச்சிப் போட்டுக்கினு உக்காந்துக்கினு கீறாரு. விசில் ஊதிட்டேன். டிரைவரு ஹாரன் அடிச்சிட்டாரு. அசையல."

நான் சிரித்தேன். "ரெண்டாவது விசிலுக்கெல்லாம் எழுந்திரிக்கிற ஆளா அவரு? மூணாவது ஊதுப்பா. ராஜ பரம்பரை."

மூர்த்தி சிரிக்கவில்லை. 

"நானும் அப்டித்தான் நெனச்சேன் மாமா. வழக்கம்போல வண்டிய நிக்க வெக்கறாருன்னு. கடுப்பாயி இறங்கிப் போயி தோளைத் தொட்டேன் மாமா."

அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கையில் ஒரு செங்கல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். கோல்கீப்பர் பாஸ்கர் வந்து வாங்கிக் கீழே வைத்தான் என்று பிறகு சொன்னார்கள்.

புளுகுவதில் ஒலக்கூர் முதல் விக்கிரவாண்டி வரை எனக்கு நிகரில்லை என்பது என் நீண்டநாள் பெருமை. நான் பார்த்த மழையில் எருமை மிதந்திருக்கிறது, நான் பார்த்த வெயிலில் தார் ரோடு கொதித்து அதில் ஒருவர் வடை சுட்டிருக்கிறார். ஆனால் மேனேஜர் கஜேந்திரன் செத்துப்போனார் என்கிற இந்த ஒரு வரியை யாராவது நம்பும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. நானே இன்னும் நம்பவில்லை. பஸ்ஸை நிறுத்திவைக்கத் தெரிந்த மனிதர் எப்படிச் சாவார்? அதுவும் விழுப்புரம் கால்பந்துக் கழகத்தோடு நாம் மோதப்போகிற வாரத்தில்? அவர் அதற்குச் சம்மதித்திருக்கவே மாட்டார்.

அவர் நம் கழகத்துக்கு வந்த நாளிலிருந்து சொல்கிறேன். அதுவரை திண்டிவனம் கழகத்துக்கு மேனேஜர், பயிற்சியாளர், பந்துக்குக் காற்றடிப்பவர் எல்லாம் அடியேன்தான். வேர்க்கடலை மூட்டைகளை உள்ளே போட்டு மல்லாட்டை மண்டியைப் பூட்டிவிட்டு மாலையில் மைதானத்துக்கு வந்தால் அங்கே என் ராஜ்யம். என் ஆட்சியில் கழகம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது என்பது உண்மை. ஆனால் மகிழ்ச்சியாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். பையன்களுக்கு அது போதவில்லை. விழுப்புரம் கழகத்தில் மேனேஜராக இருந்து கோபித்துக்கொண்டு வெளியே வந்திருந்த கஜேந்திரனைக் கூட்டிவந்துவிட்டார்கள். "மாமா, நீங்க கூடமாட இருங்க" என்றான் பாஸ்கர். கூடமாட! ஒரு சாம்ராஜ்யத்தை இவ்வளவு மரியாதையாகப் பறித்ததாக எந்தச் சரித்திரத்திலும் கிடையாது.

அவர் ஏன் கோபித்துக்கொண்டார் என்றால், ஒரு மாலைக்காக. விழுப்புரம் கழகம் கேடயம் ஜெயித்த நாளில், மேடையில் முதல் மாலையை அவர்கள் கேப்டன் ஏழுமலைக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது மாலை கஜேந்திரன் கழுத்துக்கு வந்தபோது கழுத்து அங்கே இல்லை. மேடையைவிட்டு இறங்கி, தன் நாற்காலியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஏழுமலையைக் கால் தூக்கத் தெரியாத வயதிலிருந்து ஆடவைத்தவர் அவர். அதற்குப்பிறகு அவன் முகத்தில் விழிக்கவே இல்லை. ஏழுமலை இப்போது அந்தக் கழகத்துக்கு மேனேஜர்.

இந்தக் கதை தெரிந்ததால்தான், வரவேற்புக்கு நான் ஒரே ஒரு மாலை வாங்கிவைத்திருந்தேன். ரோஜா மாலை, யானைக்குப் போடுகிற கனம். மைதானத்துக்குள் அவர் வந்தார். கையில் பெட்டி இல்லை, பை இல்லை. இரும்புக் குழாயில் கித்தான் துணி கட்டிய ஒரு மடக்கு நாற்காலி மட்டும். தொழிலால் அவர் டெய்லர். சாய்கிற துணியில் சிவப்புத் துணியை எழுத்தெழுத்தாக வெட்டி 'மேனேஜர்' என்று தானே தைத்திருந்தார். நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு, கழுத்தை லேசாக முன்னே நீட்டி நின்றார். நான் மாலையை எடுத்துப்போய் நாற்காலிக்குப் போட்டேன்.

மைதானம் மூச்சுவிடவில்லை. ஆலமரத்திலிருந்த காக்கைகள்கூட வாயை மூடிக்கொண்டன. கஜேந்திரன் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னாலிருந்த மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"யோவ், பேரு இன்னா?"

"சிகாமணி."

"நாற்காலிக்கு மரியாத குடுக்கத் தெரிஞ்ச ஆளு. நீ எனக்கு உதவி மேனேஜரு. போ, பந்துக்குக் காத்து இருக்குதா பாரு."

இப்படித்தான் நண்பர்களே, என் பட்டாபிஷேகம் கவிழ்ந்தது.

மறுநாளே நானும் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனால் அவருடையதைவிட ஒரு விரற்கடை உயரம். அதை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த பயிற்சிக்கு வந்து பார்த்தால் அவர் நாற்காலிக் கால்களுக்கு அடியில் செங்கல். மைதானத்தைச் சுற்றிப் பாதி கட்டி நிற்கிற சுற்றுச்சுவரிலிருந்து எடுத்தது. அதற்கடுத்த நாள் என் நாற்காலிக்கு அடியில் இரண்டடுக்கு. அப்புறம் அவருக்கு. அப்புறம் எனக்கு. கொஞ்ச நாளில் எங்கள் இருவருக்கும் கூட்டேரிப்பட்டு மேம்பாலம் தெரிந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பாண்டிச்சேரிக் கடலில் போகிற கப்பலுக்குக் கொடி காட்டியிருப்போம். சுவர் குறைந்துகொண்டே வந்தது. பையன்கள் ஏணி வைத்துத் தண்ணீர் கொடுக்கலாமா என்று யோசித்தார்கள்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே ரெஃபரியைத் திட்ட அவர் எழுந்தார். செங்கல் எழவில்லை, சரிந்தது. மனிதர் மல்லாக்க விழுந்தார். ரெஃபரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தி ஓடிவந்தார். மண்ணில் மல்லாந்து கிடந்தபடியே கஜேந்திரன் கையை ஆட்டினார்.

"எதுக்கு நிறுத்தின? நான் படுத்துக்கினே பாக்கறேன். அது ஆஃப்சைடு. ஜல்தியா ஆட்டத்த நடத்து."

தூக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும், என் நாற்காலியின் செங்கலை நிமிர்ந்து எண்ணிப் பார்த்தார். விழுந்ததைவிட அது அவருக்குப் பெரிய வலி.

அவர் அடிக்கடி சொல்வது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: "ஆட்டக்காரன் கால்ல ஆடுவான், மேனேஜரு உக்காந்து ஆடுவான்." இன்னொன்று, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வட்டமாக நிறுத்திச் சொல்வது: "ஜெயிச்சா நான்தான் காரணம், தோத்தா ரெஃபரிதான் காரணம். நடுவுல உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல, போயி ஆடுங்கடா." பையன்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். இதைக் கர்வம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அவர் வந்தபிறகு நம் பையன்கள் தோல்விக்குப் பயந்து ஆடி நான் பார்க்கவில்லை.

கர்வத்துக்குக் குறைவில்லை என்பதற்கு அமாவாசை ஆட்டம் ஒன்று போதும். குயிலாப்பாளையம் பக்கத்து டீம் ஒன்று ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. தேதியைப் பார்த்தேன், அமாவாசை. நம் பக்கத்தில் அமாவாசை அன்று யாராவது ஃபுட்பால் வைப்பார்களா? கோல்கீப்பர் பாஸ்கர் வேன் ஓட்டுபவன், அன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஓடுவான். பேக் ஆடுகிற இருவர் அங்கே எலுமிச்சம்பழமும் பூவும் விற்பார்கள். மீதிப் பேர் அம்மாவையோ பெண்டாட்டியையோ கூட்டிக்கொண்டு அங்காளம்மனிடம் போய்விடுவார்கள். இது விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்த கஜேந்திரனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேனே.

"அன்னிக்கி அமாவாசைங்க. ஆள் வரமாட்டானுங்க."

"ஃபுட்பாலுக்கு அமாவாசையும் கெடையாது, பௌர்ணமியும் கெடையாது. மேனேஜரு கூப்டா வருவானுங்க."

"அம்மன் கூப்புட்டா?"

"அம்மனுக்கு டீம் இருக்குதா?"

அன்று வந்தவர்கள் ஐந்து பேர். ஏழு பேர் இருந்தால்தான் ஆட்டத்தைத் தொடங்கவே விடுவார்கள். எதிர் டீம்காரர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கஜேந்திரன் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியின்மேல் வைத்தார், வேட்டியை அவிழ்த்தார். உள்ளே அரை டிராயர் போட்டிருந்தார்! மனிதர் முன்னாலேயே தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். நேராகப் போய் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ் சிகாமணி! இன்னா வேடிக்க பாக்கற? ஏழாவது ஆளு நீதான். பேக்குல நில்லு!"

நான் நின்றேன். என் தொப்பை எனக்கு ஒரு அடி முன்னால் நின்றது. அன்று எத்தனை கோல் வாங்கினோம் என்பதைக் கழகத்தின் மானம் கருதி இங்கே எழுதவில்லை. ஆட்டம் முடிகிற சமயத்தில் ஒரு பந்து அவரைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. எப்படி என்று எனக்கே தெரியாது, என் தலை அங்கே இருந்தது. பந்து என் தலையில் பட்டு வெளியே போயிற்று, எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. கஜேந்திரன் ஓடிவந்து முதுகில் ஒரு அறை கொடுத்தார்.

"யோவ்! நல்லா ஆடினய்யா!"

சொன்னதும் அவருக்கே திக்கென்றது. உடனே குரலை மாற்றிக்கொண்டார். "தலைல ஒண்ணும் இல்லாததால பந்து நல்லா எகிறுது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் நாற்காலியை நடுவழியில் விரித்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அமாவாசை அன்னிக்கி நிலாவையே காணோம். இவனுங்க வாங்கின கோல எண்ணிக்கினு போறானுங்க." பஸ்ஸே சிரித்தது. அன்று அந்த ரூட்டில் டியூட்டி பார்த்த மூர்த்தி மட்டும் வழக்கம்போலச் சண்டைக்கு வந்தார். "சார், நாற்காலிக்கு லக்கேஜ் போடணும்." "லக்கேஜுனா தூக்கிக்கினு வர்றது. நான் இதும்மேல உக்காந்துக்கினு வர்றேன். அது எனக்கு சீட்டு. உன் சீட்டு ஒண்ணு மிச்சம்தானே, தேங்க்ஸ் சொல்லு." இந்தச் சண்டை வாரத்தில் பாதி நாள் நடந்தது. இருவரில் ஒருவரும் ஜெயித்ததில்லை.

இந்த வாரம் நடக்க வேண்டியிருந்த ஆட்டத்துக்கு வருகிறேன். விழுப்புரம் மைதானத்தில், விழுப்புரம் கழகத்தோடு, கேடயத்துக்கு. அவர் வாழ்ந்ததே இதற்குத்தான் என்று சொன்னால் மிகையில்லை, நான் சொல்கிறபோதுகூட மிகையில்லை. பையன்கள் முன்னால் சபதம் செய்தார்.

"நாம ஜெயிச்சா, அந்த ஏழுமல இந்த நாற்காலியத் தலைல தூக்கிக்கினு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கணும். ஊரே பாக்கணும். போயி சொல்லுங்கடா அவங்கிட்ட."

சொன்னோம். ஏழுமலையிடமிருந்து பதில் வந்தது: "தோத்தாருன்னா, அந்த நாற்காலிலயே அவர உக்கார வெச்சி நான் தூக்கிக்கினு போறேன்னு சொல்லு." இதைக் கேட்டு அவர் அன்று முழுவதும் சிரித்தார். "பய பேசக் கத்துக்கினான்டா" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு பாக்கி இருந்தது. விழுப்புரத்து மேடையில் மேனேஜர் என்று யார் பெயரைச் சொல்வது? நான் விடவில்லை. கழகம் என்னுடையது, நான் வளர்த்தது, இருவர் பெயரையும் மேனேஜர் என்றே வாசிக்க வேண்டும் என்றேன். "ஒறையில ஒரு கத்திதான்யா இருக்கும்" என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆட்டத்தன்னிக்கி தெரியும் போ" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அந்த ஆத்திரத்தில்தான் நான் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பையன்களும் நானுமாகப் பாஸ்கரின் வேனில் விழுப்புரம் போனோம். மயிலம் தாண்டும்போது பாஸ்கர், "மாமா, போனதும் 'இன்னாடா லேட்டு'ன்னு கேப்பாரு பாருங்க" என்றான். அப்படித்தான் கேட்பார் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கேட்கவில்லை. அவர் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். படுத்திருந்த அவரை நான் அதற்குமுன் பார்த்தது செங்கல் சரிந்த அன்றுதான், அன்றும் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த நாற்காலி, மடித்து, சுவரில் சாய்த்து. ஏழுமலை அதன் அருகில் நின்றுகொண்டிருந்தான். ஆறடி உயரத்து ஆள், தேம்பிக்கொண்டிருந்தான். கையில் மாலை. போடவில்லை.

"ஏம்பா நிக்கிற? போடு."

"அன்னிக்கி எங்கழுத்துல போடும்போது நான் தடுத்திருக்கணும் மாமா. இப்ப மொத மாலைய நான் போட்டா ஒத்துக்குவாரா?"

"இப்ப அவரால இறங்கிப் போக முடியாது. போடுப்பா" என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. ஏழுமலை முதல் மாலையைப் போட்டான்.

பாடையைத் தூக்கியபோது நடந்ததை நான் பெரிதாக்கிச் சொல்லப்போவதில்லை. பெரிதாக்க இடமில்லை. ஏழுமலை நாற்காலியை எடுத்தான், தலையில் வைத்துக்கொண்டான், எல்லோருக்கும் முன்னால் நடக்க ஆரம்பித்தான். சுடுகாட்டுக்கு நேர்வழி வேறு. அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கழகத்துப் பையன்களும் பின்னால் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் நாற்காலியை இறக்கி, விரித்துப் போட்டுவிட்டு, கைகட்டி நின்றான். ஆட்டமே நடக்கவில்லை, சபதம் நிறைவேறிவிட்டது. திண்டிவனம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. மூர்த்தி படியில் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். மூர்த்தி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமலே நின்றார். பாடை கடந்து போகிற வரைக்கும் அந்த வண்டி நகரவில்லை. கடைசியாக ஒருமுறை பஸ்ஸை நிறுத்திவைத்துவிட்டுப் போனார் மேனேஜர்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி கஸ்தூரி என்னை உள்ளே கூப்பிட்டார். வீட்டின் முன்னறைதான் தையல் கடை.

"அண்ணே, இது உங்களுக்குன்னு சொல்லிக்கினு இருந்தாரு. இன்னா பண்றதுன்னு தெரியல."

மெஷினுக்குப் பக்கத்தில் புது மடக்கு நாற்காலி ஒன்று, குழாய் மட்டும். அவருடையதைப் போலவே, அதே உயரம். மெஷின்மேல் அதற்கான கித்தான் துணி. அதில் சிவப்பு எழுத்தில் 'மேனேஜர்' என்று தைத்து முடித்திருந்தது. அவருடைய நாற்காலியில் இருப்பதற்கு ஒரு நூல்கூடக் குறையாத எழுத்து. அதற்கு முன்னால் 'உதவி' என்று மூன்று எழுத்தை வெட்டிவைத்து, குண்டூசி குத்தியிருந்தது. தைக்கவில்லை.

"தினமும் ராத்திரி சாப்ட்டு வந்து இத எடுத்து வெச்சிக்கினு உக்காந்துப்பாரு. ஊசியக் குத்துவாரு, எடுப்பாரு, திரும்பக் குத்துவாரு. 'தெக்கறீங்களா இல்லியா, பேஜாரா கீது'ன்னு கேட்டேண்ணே. 'இருடி, அந்த ஆளு ஆட்டத்தன்னிக்கி எப்டி நடந்துக்கறான் பாத்துட்டு முடிவு பண்றேன்'னாரு."

நான் அந்தக் குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வழக்கில் பாதித் தீர்ப்பை எழுதிவிட்டு, மீதியைக் குண்டூசியில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

"ஊசிய எடுத்துடட்டாண்ணே? 'மேனேஜரு' மட்டும் இருந்தாப் போதும்ல? அதுதானே நீங்க கேட்டது?"

அதுதான் நான் கேட்டது. அதற்காகத்தான் ஒரு சுற்றுச்சுவரையே கரைத்தேன். ஆட்டம் தள்ளிப்போயிருக்கிறது, நடக்கும். விழுப்புரம் மைதானத்தில் இரண்டு நாற்காலி போடுவோம், செங்கல் இல்லாமல். அவருடையதில் யாரும் உட்காரமாட்டார்கள். ஜெயித்தால் அவர்தான் காரணம், தோற்றால் ரெஃபரி. பக்கத்து நாற்காலி என்னுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.

"ஊசிய எடுக்காதம்மா" என்றேன். "அந்த மூணு எழுத்தையும் தச்சிக் குடுத்துடு. ரெட்டத் தையலா போடு. நாளைக்கி நானே பிரிக்கணும்னு நெனச்சாலும் பிரிக்க வரக்கூடாது."

கஸ்தூரி மெஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார்.